150-ஆவது கேள்வி வரை போனது: என்கிளெக்ஸ் முடிவு வரும்வரை இந்த நாட்களை எப்படிக் கடந்தீர்கள்?

வெண்ணிலவு
வெள்ளிக்கிழமை, இரவு 11.40

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியர் (ஆர்.என்.) உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வை இன்று காலை எழுதி முடித்தேன். அதிகபட்சமான 150 கேள்விகளும் வந்தன. ஐந்து மணி நேரத்தில் எனக்கு மிஞ்சியது பதினொரு நிமிடம்தான். இரண்டு மணி நேரம் கழித்து வந்த இடைவேளையையும், மூன்றரை மணி நேரத்தில் வந்த அடுத்த இடைவேளையையும், நாம் எழுந்து போனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற பயத்தில் எடுக்காமலே விட்டுவிட்டேன். கடைசிக் கேள்விக்கு விடையைக் குறித்துவிட்டு அடுத்த பொத்தானை அழுத்தியதும் தேர்வு முடிந்ததாகத் திரை சொன்னது. அது என்னைப் பற்றி ஏதேனும் சொல்லும் என்று எதிர்பார்த்து, அசட்டுத்தனமாக, அரை நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளங்கையை மறுபடியும் ஸ்கேன் செய்து, அழித்து எழுதும் பலகையைத் திருப்பிக் கொடுத்து, லாக்கரிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. வீட்டை அடைவதற்குள் கைபேசியில் பாடங்களைத் திறந்து, நினைவில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டேன். இதுவரை ஏழு விடைகள் தவறு என்று தெரிகிறது. சரியாக எழுதியவற்றை நான் தேடவே இல்லை என்பது இப்போது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை. அதிகாரபூர்வமற்ற முடிவை இணையத்தில் முன்கூட்டியே காட்டும் குயிக் ரிசல்ட்ஸ் இரண்டு வேலை நாட்கள் கழித்துத்தான் கிடைக்கும் என்பதால், வெள்ளிக்கிழமை எழுதிய எனக்குச் செவ்வாய்க்கிழமை வரை பொறுக்க வேண்டியிருக்கிறது. வார இறுதியை நினைக்காமல் நாள் குறித்தது என் தவறு.

என் கேள்விகள் இவை. 150 வரை போனால் தோல்வி என்று என்னுடன் படித்தவர்கள் சொல்வது உண்மையா? மறுபடியும் பதிவு செய்து பார்த்தால் முடிவு தெரிந்துவிடும் என்கிறார்களே, அதை நம்பலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நான்கு நாட்களை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்?


எண்பத்தைந்துக்காரன்
சனிக்கிழமை, அதிகாலை 1.15

அக்கா, நானும் இன்றுதான் எழுதினேன். எனக்கு 85-ஆவது கேள்வியிலேயே தேர்வு நின்றுவிட்டது. 85-இல் நின்றால் தேர்ச்சி என்று மகிழ்ச்சியாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் மிக மோசமாக எழுதியவருக்கும் 85-இல்தான் நிற்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உங்களுக்கு நீண்டுபோனதே பயம், எனக்குச் சீக்கிரம் முடிந்ததே பயம். நம் இருவரில் யார் அதிகம் பயப்பட வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.


பழைய_வார்டு
சனிக்கிழமை, காலை 7.05

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தத் தேர்வை எழுதிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் எழுதப் போகிறவர்களுக்குப் பாடம் சொல்லியும் வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் தேர்வறையிலிருந்து வெளியே வந்து "நன்றாக எழுதினேன்" என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நல்ல மாணவியும், பின்தங்கிய மாணவியும், பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியரும் ஒரே முகத்தோடுதான் வெளியே வருகிறார்கள். இதற்குக் காரணம் அவர்களுடைய தன்னம்பிக்கைக் குறைவு அல்ல. தேர்வு கட்டப்பட்டிருக்கும் முறையே அதுதான்.

என்கிளெக்ஸ் 1994-ஆம் ஆண்டு முதல் கணினிவழித் தகவமைப்புத் தேர்வாக நடக்கிறது. நீங்கள் ஒரு கேள்விக்கு விடை அளித்ததும், அதுவரை அளித்த விடைகளை வைத்து உங்கள் திறனைக் கணினி மறுபடியும் கணக்கிடுகிறது. அடுத்து, அந்தத் திறன் உள்ள ஒருவர் சரியாகச் சொல்ல ஏறத்தாழப் பாதி வாய்ப்பு உள்ள கேள்வியாகப் பார்த்து எடுத்துத் தருகிறது. இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். திறமை கூடினால் கேள்வியும் கடினமாகிறது, குறைந்தால் கேள்வியும் இறங்கி வருகிறது. ஆகவே தேர்ச்சி பெறப்போகிறவரும் ஏறக்குறையப் பாதி கேள்விகளில் தடுமாறுகிறார், தேர்ச்சி பெறாதவரும் ஏறக்குறையப் பாதியில்தான் தடுமாறுகிறார். கல்லூரித் தேர்வில் பாதி தவறினால் தோல்வி என்று பழகிய மனம் இங்கும் அதே கணக்கைப் போடுகிறது. "பாதி தெரியவில்லையே" என்ற உங்கள் உணர்வு உண்மையானது, ஆனால் அதில் முடிவைப் பற்றிய செய்தி எதுவும் கிடையாது.

வெண்ணிலவு கண்டுபிடித்த ஏழு தவறுகளுக்கும் இதுவே பதில். 150-இல் ஏழு மட்டுமே தவறு என்றால் அப்படி ஒரு மேதையை நான் பார்த்ததே இல்லை.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். 2023 ஏப்ரலில் புதிய வடிவம் வந்ததிலிருந்து குறைந்தது 85 கேள்விகள், அதிகம் 150 கேள்விகள். 85-ஐத் தொட்ட பிறகு, உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்குத் தெளிவாக மேலே இருக்கிறது, அல்லது தெளிவாகக் கீழே இருக்கிறது என்று 95 விழுக்காடு உறுதி கிடைத்த நொடியில் கணினி நிறுத்திவிடும். எனவே 85-இல் நின்றவருக்குத் தெரிவது ஒன்றுதான்: கணினிக்குச் சந்தேகம் இல்லை. எந்தப் பக்கம் சந்தேகம் இல்லை என்பது அதில் தெரியாது. 150 வரை போனவர் கடைசிவரை மதில்மேல் பூனையாகக் கோட்டை ஒட்டியே இருந்திருக்கிறார். கணினியால் உறுதியாகச் சொல்ல முடியாததால் எல்லாக் கேள்விகளையும் தந்து, இறுதித் திறன் மதிப்பீடு கோட்டுக்கு மேலா கீழா என்று மட்டும் பார்க்கிறது. 150-இல் தேர்ச்சி பெற்றவர்களும் உண்டு, பெறாதவர்களும் உண்டு. இதற்குமேல் யார் சொன்னாலும் அது குறி சொல்வதுதான்.


வெண்ணிலவு
சனிக்கிழமை, காலை 9.20

மிக்க நன்றி. "பாதி தவறும்படியே கேள்வி வரும்" என்பதை முன்பே படித்திருக்கிறேன், ஆனால் என்மீது பொருத்திப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு சந்தேகம் மட்டும் விடவில்லை. 120-ஐத் தாண்டிய பிறகு இரண்டு மூன்று கேள்விகள் மிக எளிதாக வந்தன. எளிதான கேள்வி வந்தால் நாம் கீழே போகிறோம் என்றுதானே பொருள்?


பழைய_வார்டு
சனிக்கிழமை, காலை 10.02

அப்படி இல்லை, மூன்று காரணங்கள் உண்டு. முதலாவதாக, நீங்கள் எழுதியவற்றில் 15 கேள்விகள் மதிப்பெண்ணில் சேராதவை. எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படும் அவை மற்றக் கேள்விகளோடு கலந்து வருவதால் எவை என்று யாராலும் அடையாளம் காண முடியாது. அவை உங்கள் திறனைப் பார்த்து வருவதும் இல்லை. இரண்டாவதாக, ஒரே நோயாளியைப் பின்தொடரும் ஆறு ஆறு கேள்விகளாக மூன்று நோயாளர் விவரக் கோவைகள் வருகின்றன அல்லவா, ஒரு கோவைக்குள் வரும் ஆறு கேள்விகளும் முன்கூட்டியே அமைக்கப்பட்டவை, நீங்கள் தரும் விடைக்கேற்ப மாறுவதில்லை. மூன்றாவதாக, எளிது என்பது உங்களுக்கு எளிது. நீங்கள் எந்த வார்டில் வேலை பார்க்கிறீர்கள் என்று தெரியாது, ஆனால் பிரசவ வார்டில் பத்தாண்டு இருந்தவருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு பற்றிய கடினமான கேள்வியும் எளிதாகத்தான் தோன்றும். கேள்வியின் எடையைக் கணினி வைத்திருக்கிறது, நம்மிடம் அந்தத் தராசு இல்லை.


கடல்தாண்டியவள்
சனிக்கிழமை, பகல் 12.30

மறுபதிவு உத்தியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எழுதிய அன்று மாலையே அதே தேர்வுக்கு மீண்டும் பதிவு செய்ய முயன்றால், தேர்ச்சி பெற்றவர்களைத் தளம் பணம் செலுத்த விடாது, தேர்ச்சி பெறாதவர்களை விட்டுவிடும் என்பதுதான் இந்த உத்தி. காலாவதியான கார்டைப் போட்டால் பணம் போகாது, திரையில் வரும் செய்தி மட்டும் கிடைக்கும் என்றும் சொல்வார்கள். என்னிடம் காலாவதியான கார்டு இல்லை. அந்த நேரத்தில் புத்தி எங்கே இருந்தது என்று தெரியவில்லை, நல்ல கார்டையே போட்டேன். 200 டாலர் போய்விட்டது. பதிவும் உறுதியானதாக மின்னஞ்சல் வந்தது. அந்த மின்னஞ்சலைப் பார்த்த நொடியிலிருந்து இரண்டு நாள் நான் தோற்றவளாகவே வாழ்ந்தேன். வேலையைவிட்டு விலகுவதாகக் கொடுத்திருந்த கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்கும் அளவுக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் குயிக் ரிசல்ட்ஸில் தேர்ச்சி என்று இருந்தது.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. யாரும் சொல்லாத ஒரு தோல்வியை நானே எனக்கு அறிவித்துக்கொண்டேன், அதுதான் இன்றும் ஆறவில்லை.


தென்றல்_ஆர்என்
சனிக்கிழமை, பகல் 1.10

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் என் தோழிகள் ஐந்து பேர் இதைச் செய்தார்கள், ஐந்து பேருக்கும் சரியாகவே சொன்னது. தெரியாமல் துடிப்பதைவிட, தொண்ணூறு விழுக்காடு சரியாக இருக்கும் ஒரு குறிப்பு கிடைத்தாலே தூங்க முடியும் என்பவர்களும் இருக்கிறார்களே. அவர்களை ஏன் தடுக்க வேண்டும்?


பழைய_வார்டு
சனிக்கிழமை, பகல் 2.25

தொண்ணூறு விழுக்காடு என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள்? அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சரியாகச் சொன்னவர்கள் வந்து சொல்கிறார்கள், தவறியவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். கடல்தாண்டியவள் போலத் துணிந்து எழுதுகிறவர்கள் குறைவு. அந்தத் திரை ஒரு பதிவுத் தளத்தின் கணக்குத் திரை. தேர்வு முடிவைச் சொல்வதற்காக அது அமைக்கப்படவில்லை. அதை முடிவாகப் படிப்பது நம் ஆசை.

தூக்கத்தைப் பற்றிச் சொன்னீர்கள். "நல்ல செய்தி" வந்தவர்களும் தூங்குவதில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த அரைமணி நேரத்தில் "இது எத்தனை பேருக்குத் தவறியிருக்கிறது" என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.


தென்றல்_ஆர்என்
சனிக்கிழமை, பகல் 2.40

கடைசி வரியில் என்னைப் பிடித்துவிட்டீர்கள். நானும் தேடினேன். வாதத்தை விட்டுவிடுகிறேன்.


எண்பத்தைந்துக்காரன்
சனிக்கிழமை, மாலை 5.45

ஒரு கேள்வி மட்டும் மண்டையைக் குடைகிறது. வெண்ணிலவு அக்காவுக்கும் வந்ததா என்று பார்க்க இங்கே எழுதுகிறேன். ஒரு நோயாளி [இப்பகுதி நெறியாளரால் நீக்கப்பட்டது]


நெறியாளர்
சனிக்கிழமை, மாலை 5.58

தேர்வுக் கேள்விகளை நினைவிலிருந்து எழுதுவது, அதன் ஒரு பகுதியை மட்டும் எழுதுவதாக இருந்தாலும், தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொண்ட இரகசியக் காப்பு உடன்படிக்கையை மீறுவதாகும். முடிவு ரத்தாவது உட்பட விளைவுகள் உங்களுக்குத்தான். பதிவை நீக்கியதில் வருத்தப்பட வேண்டாம். உங்கள் நன்மைக்காகவே நீக்கினேன்.


எண்பத்தைந்துக்காரன்
சனிக்கிழமை, மாலை 6.10

மன்னித்துவிடுங்கள். அது அந்த அளவுக்குப் போகும் என்று யோசிக்கவில்லை. நீக்கியதற்கு நன்றி.


இரவுப்பணி
ஞாயிற்றுக்கிழமை, காலை 8.50

இப்போதுதான் டூட்டி முடிந்து வந்தேன், அதனால் தாமதம். வெண்ணிலவு கேட்ட மூன்றாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். எப்படிக் கடந்தீர்கள் என்பதுதானே அது.

நான் கடந்த விதம் பெருமைப்படும்படி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். எழுதிய அன்று இரவு மட்டும் குயிக் ரிசல்ட்ஸ் பக்கத்தை நாற்பது தடவைக்கு மேல் திறந்திருக்கிறேன். கைபேசியின் வரலாற்றில் எண்ணிப் பார்த்தேன். இரண்டு வேலை நாட்களுக்கு முன்பு அங்கே எதுவும் வராது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கட்டைவிரல் தானாகவே திரையைக் கீழே இழுத்துவிடும். பல் துலக்கும்போதுகூட இடது கையில் கைபேசி இருந்தது. மறுநாள் காலை என் அக்காவிடம் போய், என் கணக்கின் கடவுச்சொல்லை எனக்குத் தெரியாதபடி மாற்றிவிட்டு, மூன்றாம் நாள் பிற்பகல்வரை நான் அழுதாலும் தரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். முதல் ஐந்து மணி நேரம் நரகம். அதன்பின் விந்தையாக மனம் அமைதியாயிற்று. திறக்க முடியாத கதவை யாரும் தட்டிக்கொண்டே இருப்பதில்லை போலும். (அக்கா நடுவில் தானே எட்டிப் பார்த்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளும் தூங்கவில்லையாம்.)

அடுத்தது உறவினர்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். "என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று" என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கினால், ஒவ்வொரு முறையும் அந்தத் தேர்வறைக்கு நீங்கள் திரும்பிப் போகிறீர்கள். நான் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டேன்: "எழுதிவிட்டேன், முடிவு வந்ததும் நானே சொல்கிறேன்." அதையே எல்லோருக்கும் அனுப்பினேன், மேற்கொண்டு கேட்டவர்களுக்கு மறுபடியும் அதையே அனுப்பினேன். இரண்டாம் முறை அதே வாக்கியம் வந்ததும் பெரும்பாலோர் நிறுத்திவிட்டார்கள். என் மாமா மட்டும் மூன்று முறை கேட்டார்.

மூன்றாவது, வேலை. விடுப்பு எடுத்து வீட்டில் இருப்பது நல்லது என்று பலர் சொல்வார்கள், எனக்கு அது பொருந்தவில்லை. நான் இரண்டாம் இரவே டூட்டிக்குப் போனேன். பத்து நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும்போது, பெயர், மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் அந்த இருபது நிமிடத்தில் வேறு எதையும் நினைக்க முடியாது, நினைக்கவும் கூடாது. ஆனால் இது எல்லோருக்குமான மருந்து அல்ல. இரண்டு இரவு தூங்காதவர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது நோயாளிக்கு ஆபத்து. அப்படியானால் டூட்டியை மாற்றிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் இரத்த மாதிரியை வளர்சோதனைக்கு அனுப்புகிறோம். நோயாளியின் மகன் மணிக்கொரு தரம் வந்து "ரிசல்ட் வந்துவிட்டதா சிஸ்டர்" என்று கேட்கிறார். நாம் எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறோம்: "கிருமி வளர நேரம் ஆகும் ஐயா, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முதல் அறிக்கை வரும், அதுவும் இடைக்கால அறிக்கைதான், இறுதி அறிக்கை பிறகு வரும்." குயிக் ரிசல்ட்ஸும் அந்த இடைக்கால அறிக்கை போன்றதுதான், அதிகாரபூர்வமானது அல்ல. உரிமம் வழங்கும் மாநில வாரியத்திடமிருந்து வருவதுதான் இறுதி முடிவு, அதற்கு ஆறு வாரம் வரைகூட ஆகலாம். அந்த மகனிடம் பேசும் அதே குரலில் எனக்கு நானே பேசிப் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் வேலை செய்தது.


வெண்ணிலவு
ஞாயிற்றுக்கிழமை, காலை 9.30

மாமாவைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு. கடவுச்சொல்லை மாற்றித் தரும்படி தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.


கணக்குப்பிள்ளை
ஞாயிற்றுக்கிழமை, பகல் 11.15

ஆறுதலுக்காக ஒரு புள்ளிவிவரம். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் படித்து முதன்முறையாக என்கிளெக்ஸ் ஆர்.என். எழுதியவர்களில் 88 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். வாய்ப்பு உங்கள் பக்கம்தான்.


கடல்தாண்டியவள்
ஞாயிற்றுக்கிழமை, பகல் 11.50

நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் "அமெரிக்காவில் படித்து" என்ற சொற்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு எழுதுகிறவர்களின் தேர்ச்சி அதைவிடக் குறைவு. இங்கே காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். நமக்குச் சொந்தமில்லாத ஒரு விழுக்காட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினால், விழிக்கும்போது குளிர் இன்னும் அதிகமாக இருக்கும். தவிர, 88-ஓ 50-ஓ, விழுக்காடு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. வெள்ளிக்கிழமை எழுதியவரின் விடைகள் ஏற்கெனவே எழுதியாயிற்று.


இரண்டாம்_முறை
ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.40

நான் முதல் முறை தேர்ச்சி பெறாதவள். இரண்டாம் முறை பெற்றேன். இங்கே எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். காத்திருப்பவர்களுக்கு நடுவில் தோல்வியைப் பேசுவது அபசகுனம் போலப் பலரும் நினைக்கிறார்கள்.

என் அனுபவத்தில், காத்திருப்பின் பாரத்தில் பாதி, தோல்விக்குப் பிறகு என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதிலிருந்து வந்தது. "தோற்றால் எல்லாம் முடிந்தது" என்ற ஒரே வாக்கியம்தான் மனத்தில் இருந்தது, அதற்கு அப்பால் இருட்டு. உண்மையில் நடப்பது இதுதான். வாரியம் உங்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பும். அதில் எட்டுப் பாடப் பகுதிகளில் ஒவ்வொன்றிலும் நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருந்தீர்களா, அருகில் இருந்தீர்களா, கீழே இருந்தீர்களா என்று எழுதியிருக்கும். 45 நாட்கள் கழித்து மறுபடியும் எழுதலாம். ஓர் ஆண்டில் எட்டு முறை வரை எழுத இடமுண்டு, சில மாநிலங்கள் தமக்கென வேறு வரம்பு வைத்திருக்கின்றன. மறுபடியும் பதிவு, மறுபடியும் 200 டாலர், மறுபடியும் தேர்வு அனுமதிக் கடிதம். எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் அது ஒரு வேலை, செய்து முடிக்கக் கூடியது.

இரண்டாம் முறை எழுதிவிட்டுக் காத்திருந்தபோது, தேர்ச்சி பெற்றால் அன்று மாலை என்ன செய்வேன் என்பதை ஒரு தாளிலும், பெறாவிட்டால் அன்று மாலை என்ன செய்வேன் என்பதை இன்னொரு தாளிலும் எழுதி வைத்தேன். வாழ்க்கைத் திட்டம் எதுவும் இல்லை, அன்று மாலைக்கு மட்டும். இரண்டாவது தாளில் மூன்றே வரிகள் இருந்தன: கணவரிடம் சொல்வது, குளித்துவிட்டுப் படுப்பது, ஒரு வாரம் புத்தகத்தைத் தொடாமல் இருப்பது. அந்தத் தாள் தேவைப்படவில்லை. ஆனால் அது மேசையில் இருந்தவரை எனக்கு மூச்சு விட முடிந்தது.

உறக்கமின்மையோ உணவு இறங்காமையோ முடிவு வந்த பிறகும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், தம்பி எண்பத்தைந்துக்காரன் உட்பட எல்லோருக்கும் சொல்கிறேன், மருத்துவரைப் பாருங்கள். முதல் முறைக்குப் பின் நான் பார்த்தேன். நோயாளிகளிடம் தினமும் சொல்லும் அறிவுரையை நமக்கு என்று வரும்போது மட்டும் செவிலியர்கள் காதில் வாங்குவதே இல்லை.


பழைய_வார்டு
திங்கட்கிழமை, காலை 6.55

இரண்டாம்_முறை எழுதியதை, நான் பாடம் சொல்லும் மாணவிகளுக்கு அப்படியே படித்துக் காட்டப்போகிறேன், அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு பழைய செய்தி. கணினிக்கு முன், இந்தத் தேர்வு ஆண்டுக்கு இரண்டே முறை, இரண்டு நாள் முழுக்கத் தாளில் எழுதும் தேர்வாக இருந்தது. முடிவு தபாலில் வரும், அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் காத்திருப்பு எவ்வளவோ பரவாயில்லை என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் தபால்காரரை ஒரு நாளைக்கு ஒரு முறைதான் பார்க்க முடியும். நாற்பது முறை திறந்து பார்க்கும் கருவி அவர்கள் கையில் இல்லை. நாட்கள் குறைந்தாலும் காத்திருப்பு கனத்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.


எண்பத்தைந்துக்காரன்
செவ்வாய்க்கிழமை, இரவு 8.05

தேர்ச்சி. எழுதவே கை நடுங்குகிறது. அக்கா, உங்களுக்கு?


வெண்ணிலவு
செவ்வாய்க்கிழமை, இரவு 10.30

வாழ்த்துகள் தம்பி, மனமார வாழ்த்துகிறேன்.

எனக்குத் தேர்ச்சி கிடைக்கவில்லை. தங்கை கடவுச்சொல்லைத் தந்ததும் நான்தான் திறந்தேன். ஒரே வரிதான் இருந்தது. அதை இரண்டு முறை படித்தேன், பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நேற்று இரவு இரண்டாம்_முறை அவர்களைப் பின்பற்றி நானும் இரண்டு தாள்கள் எழுதியிருந்தேன். இரண்டாவது தாளின் முதல் வரியை இப்போதுதான் செய்து முடித்தேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். அடுத்த வரி தூங்குவது.

இந்த நான்கு நாட்கள் வீணாகவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் இன்று இரவு அப்படிச் சொன்னால் அது பொய்யாக இருக்கும். நாளை மறுநாள் டூட்டி இருக்கிறது. பிறகு வருகிறேன்.


இரண்டாம்_முறை
செவ்வாய்க்கிழமை, இரவு 10.41

தூங்குங்கள். இப்போது பதில் எழுத வேண்டாம். நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.


வெண்ணிலவு
பதினாறு நாட்களுக்குப் பிறகு, மாலை 7.20

வணக்கம். வாரியத்தின் அறிக்கை இன்று வந்தது. ஆறு பகுதிகளில் கோட்டுக்கு அருகில் என்று இருக்கிறது. மருந்தியல் பகுதியிலும், பராமரிப்பு மேலாண்மையிலும் கோட்டுக்குக் கீழே. பழைய_வார்டு சொன்ன மதில்மேல் பூனையை இப்போது எழுத்திலேயே பார்க்கிறேன். மருந்தியல் எதிர்பார்த்ததுதான். பராமரிப்பு மேலாண்மைதான் அதிர்ச்சியாக இருக்கிறது. வார்டில் தினமும் நான் செய்வதே அதுதானே? யாரை முதலில் பார்ப்பது, எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று பதினோரு ஆண்டுகளாக முடிவெடுத்துக்கொண்டிருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?


பழைய_வார்டு
அன்று, இரவு 8.45

பராமரிப்பு மேலாண்மையிலிருந்து தொடங்குங்கள். தேர்வில் அதிக இடம் பிடிக்கும் பகுதிகளில் அது முதலாவது, மருந்தியல் அதற்கு அடுத்தது. பதினோரு ஆண்டு அனுபவம்தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது என்று ஊகிக்கிறேன். உங்கள் வார்டில் ஆள் பற்றாக்குறையால் யாரிடம் எதை ஒப்படைத்தீர்களோ அதைத் தேர்விலும் ஒப்படைத்திருப்பீர்கள். அந்தத் தேர்வு அமெரிக்கப் பணிவரம்பை வைத்துக் கேட்கிறது: முதல் மதிப்பீடு, நோயாளிக்குக் கற்பித்தல், நிலையற்ற நோயாளி ஆகியவற்றைப் பதிவுபெற்ற செவிலியர் தம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், நிலையான நோயாளியின் வழக்கமான வேலைகளை மட்டுமே உதவியாளரிடம் தரலாம். நாளை டூட்டியில் நீங்கள் ஒப்படைக்கும் ஒவ்வொரு வேலையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அந்த விதிப்படி அது சரியா என்று எதிரில் குறித்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள்.


எண்பத்தைந்துக்காரன்
அன்று, இரவு 9.10

அக்கா, மருந்தியலுக்கு நான் வருகிறேன். நான் படித்த குறிப்பு அட்டைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தினமும் இரவு ஒன்பது மணிக்கு அரைமணி நேரம், நான் கேட்க நீங்கள் சொல்லுங்கள். நாளைக்கு இரத்த உறைவெதிர் மருந்துகள்.


வெண்ணிலவு
அன்று, இரவு 9.14

நாளை எனக்கு மாலை டூட்டி, ஒன்பதே கால் ஆகும். பரவாயில்லையா?